சுவரில் மாட்டிய நாற்காலி

அவள் வீட்டில் நாற்காலி உட்காருவதற்கு இல்லை. சுவரில், தலைக்கு மேலே, நான்கு கால்களும் நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க, ஆணி அடித்து மாட்டியிருந்தாள். முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது எனக்கு முழங்கால் வலி. கையில் சுண்டல் கிண்ணம் வேறு. வீடு முழுக்கப் பார்த்தேன், குந்துவதற்கு ஓர் இடம் இல்லை. கட்டிலின் மேல் செங்கல் அடுக்கியிருந்தது. சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குளியல் தொட்டி. அதில் தண்ணீருக்குப் பதில் பழைய சட்டைகள். நான் சுவரில் இருந்த நாற்காலியையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் படைப்பை இவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் யாரும் பார்த்ததில்லை என்று பிறகு என் மருமகளிடம் சொன்னாளாம்.

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்களுக்குப் பக்கத்து வீடு. தொண்ணூற்றாறாம் வருஷ வாக்கில். மெக்சிகோக்காரி, நாற்பதைத் தாண்டியிருப்பாள். தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்வாள் என்பது பார்த்தாலே தெரியும். அவள் பெயர் நான்கு துண்டு. நடுவில் ஒரு துண்டுக்கு நாக்கை உருட்ட வேண்டும். எனக்கு அந்த வயதில் எதையும் உருட்டுகிற தெம்பு இல்லை. அவளும் என் பெயரை இரண்டு நாள் மென்று பார்த்தாள். பிறகு என் மகன் கூப்பிடுவதைக் கேட்டு 'அம்மா' என்று பிடித்துக்கொண்டாள். நான் அவளை 'ஏம்மா' என்பேன். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும் என்றாள். எனக்கு அந்தக் கொஞ்சமும் கிடையாது. அதனால் எங்களுக்குள் மனஸ்தாபமே வந்ததில்லை. முக்கியமாக ஏதாவது பேச வேண்டுமென்றால் என் மருமகள் மாலா வேலையிலிருந்து வரும்வரை இருவரும் காத்திருப்போம். மாலாவுக்கு மருந்துக் கடையில் வேலை. அங்கே வருகிற மெக்சிகோ ஜனங்களுக்காக ஸ்பானிஷ் கற்றிருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டுக்குப் பின்னால், தூக்கம் வரும், வண்டி ஓட்டாதே, இவ்வளவுதான் மாலாவின் ஸ்பானிஷ். பக்கத்து வீட்டுக்காரியோ இரண்டு கையையும் ஆட்டி, கண் கலங்கி, மூச்சு விடாமல் பேசுவாள். எல்லாம் கேட்டுவிட்டு மாலா என் பக்கம் திரும்புவாள்.

"வலிக்குதாம் அத்தை."

"எங்க?"

"பொதுவா."

என்ன வேலை பார்க்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன். வீட்டிலேயே இருக்கிறாளே, பாவம், புருஷன் கிருஷன் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ளத்தான்.

"மல்டி டிசிப்ளினரி ஆர்ட்டிஸ்ட் அத்தை," என்றாள் மாலா.

"அப்படின்னா?"

"பெயின்ட் பண்ணுவாங்க, தைப்பாங்க, மண்ணுல செய்வாங்க, வீடியோ எடுப்பாங்க, டான்ஸ் மாதிரி ஒண்ணு ஆடுவாங்க."

"இதுல எது நல்லா வரும்?"

மாலா வேலி வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதெல்லாம் ஆர்ட்டிஸ்ட்டுங்கள கேக்கக் கூடாது அத்தை."

விருதுநகரில் என் பெரியப்பா மகன் ஒருவன் இருந்தான். கொத்து வேலைக்குப் போனான், பந்தல் போட்டான், மிட்டாய் கிண்டினான், நாடகத்தில் மந்திரி வேஷம் கட்டினான். அவனை உருப்படாதவன் என்றோம். பாவம், அமெரிக்காவுக்கு வந்திருந்தால் பேப்பரில் போட்டிருப்பார்கள்.

இவள் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறாள். ஊரில் அப்பாவுக்கு டைல்ஸ் கடை. டைல்ஸில் பூவும் கிளியும் வரைந்துகொண்டிருந்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். நிறுத்தவில்லை. அந்த ஊர் ஆண்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் பிழைப்புக்கு வடக்கே கிளம்பிப் போனார்களாம். போனவர்கள் விட்டுவிட்டுப் போன சாமான்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். தொப்பி, பெல்ட்டு, சவரக் கத்தி. பிறகு பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கதவையே பெயர்த்து, முதுகில் கட்டிக்கொண்டு, எல்லைப் பாலம் வரை நடந்தாளாம். அந்தப் படத்தைக் காட்டினாள். வெயிலில், கதவுக்குக் கீழே இவளுடைய இரண்டு கால்கள் மட்டும்.

"ஏன், அந்த ஊர்ல வண்டி கிடைக்கலயா?" என்று கேட்டேன்.

மாலா இதை அவளுக்குச் சொன்னாளா, மாற்றிச் சொன்னாளா தெரியாது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் அப்படித்தான், பிரசவ வலி வந்தவள் மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு வியாதி. எதையும் அதுவாக இருக்க விடமாட்டாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் வந்து நிற்பாள். கையில் கிடைத்ததைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கண்ணாலேயே கேட்பாள்.

"வாளி," என்பேன்.

இல்லை என்று தலையாட்டுவாள்.

"வாளிதான் ஏம்மா. நான்தான் வாங்கினேன்."

மறுபடியும் தலையாட்டுவாள். தலைகீழாகக் கவிழ்ப்பாள், அதன் மேல் என் துடைப்பத்தை நட்டு வைப்பாள், இரண்டடி பின்னால் போய் நின்று பெருமூச்சு விடுவாள். நான் தண்ணீர் பிடிக்க நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு தடவை இட்லித் தட்டு கேட்டாள். பிள்ளைக்கு இட்லி ஆசை வந்துவிட்டது என்று நினைத்து மாவும் ஒரு தூக்குச் சட்டி கொடுத்துவிட்டேன். மாவு அப்படியே திரும்பி வந்தது. தட்டு மூன்று வாரம் கழித்து வந்தது, ஓரமெல்லாம் சாந்து. அதில் வெள்ளைச் சாந்தை ஊற்றி, ஆறவைத்து எடுத்து, நூற்றுக்கணக்கில் அடுக்கி, ஊருக்குத் திரும்பாதவர்களின் நிலா என்று பெயர் வைத்து, ஆஸ்டினில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். படத்தைப் பார்த்தேன். நிலாவாம். ஒன்றுகூட மெத்தென்று இல்லை.

இன்னொரு நாள் காலையில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒலிவாங்கியோடு குனிந்து நிற்பதை மாலா பார்த்துவிட்டாள். எங்கள் கிரீன் கார்டு மனு அப்போது எங்கோ ஒரு மேஜையில் கிடந்தது. மாலாவுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. "அத்தை, யாரோ ஆபீசர்," என்று அடுப்பை அணைக்கப் போனாள். பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி. அணைக்காதே, அணைக்காதே என்று கை காட்டுகிறாள். குக்கர் விசில் வேண்டுமாம். அதைப் பதிவு செய்து, ஓர் இருட்டறையில் சனங்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாளாம். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள் என்றாள். எங்கள் வீட்டில் அதற்குப் பருப்பு வெந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்படியெல்லாம் இருந்தாலும் அவளால் ஒரு நல்லதும் நடந்தது. பேர்லேண்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வெயிலில் துணி காயப்போடக் கூடாது. வீதிக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு சட்டம். மெஷினில் காயவைத்தால் என் சுங்குடிச் சேலை பாவாடை அகலத்துக்கு வந்துவிடும். அதனால் பொது வேலியின் மேல், எங்கள் பக்கம் பாதி அவள் பக்கம் பாதியாக விரித்துப் போட்டிருந்தேன். அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெரியவர், கையில் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றார். சங்கத்துக்காரர். நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டேன். ஆள் வந்தால் திரைக்குப் பின்னால் போவதுதான் என் வழக்கம். ஊரில் என் கல்யாணத்துக்கே என்னைத் தேடித்தான் பிடித்தார்கள்.

அவள் வெளியே வந்தாள். பெரியவர் சேலையைக் காட்டினார், வீதியைக் காட்டினார், அட்டையைத் தட்டினார். அவள் உள்ளே போய் உள்ளங்கை அகல வெள்ளைச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து, சேலைக்குப் பக்கத்தில் வேலியில் குத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரியவர் குனிந்து படித்தார். நிமிர்ந்தார். பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். பிறகு பின்னால் நகர்ந்து நின்று, மோவாயைத் தடவிக்கொண்டு, என் சேலையை வெகுநேரம் பார்த்தார். போகும்போது குரலே எழும்பாமல், "பியூட்டிஃபுல்," என்றார்.

சாயந்திரம் மாலா போய்ப் படித்துவிட்டு வந்தாள். "'எல்லை'ன்னு டைட்டில் போட்டிருக்காங்க அத்தை. ரெண்டு நாட்டுக்கு நடுவுல கிடக்கற பொம்பளைன்னு மீனிங்காம்."

எனக்குத் தெரிந்து அதற்கு மீனிங், சரியாகப் பிழியவில்லை என்பதுதான். ஆனாலும் அன்றிலிருந்து என் சேலை தினமும் வெயிலில் காய்ந்தது. சங்கத்துக்காரர் தன் பெண்டாட்டியை ஒருநாள் கூட்டிவந்து காட்டினார். பாவாடையைக் காயப்போட மட்டும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பாளோ.

அடுத்த வெயில் காலத்தில் ஒருநாள் அவள் எங்கள் சமையலறைத் தரையில் வந்து உட்கார்ந்தாள். நான் சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்தேன். ஓர் உருண்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வழக்கமாக அது இரண்டு நிமிஷத்தில் காதாகவோ கழுதையாகவோ மாறிவிடும். அன்று மாவை மாவாகவே வைத்திருந்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ பெரிய கஷ்டம் என்று.

மாலா வந்து கேட்டுச் சொன்னாள். விசா முடியப் போகிறது. ஹூஸ்டனில் ஒரு பழைய கிடங்கைக் கண்காட்சிக் கூடமாக்கியிருக்கிறார்கள். அங்கே ஓர் அறை முழுக்க இவளுடைய வேலையை வைக்கப் போகிறாள். பெரிய மியூசியத்திலிருந்து ஓர் அம்மாள் பார்க்க வருகிறார். அந்த அம்மாளுக்குப் பிடித்து மியூசியம் எடுத்துக்கொண்டால், அந்தக் கடிதத்தைக் காட்டி விசாவை நீட்டித்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, அண்ணன் நடத்துகிற டைல்ஸ் கடையில் உட்கார வேண்டும்.

"கடையில உக்காந்தா என்னவாம்? நல்ல தொழில்தானே?" என்றேன். சொல்லும்போதே யோசித்தேன். இவளைக் கடையில் உட்காரவைத்தால் ஊரில் ஒரு கக்கூசுக்குக்கூட ஒரே மாதிரி டைல் கிடைக்காது.

என் மகன் செந்தில் அதுவரை அவளை 'அந்தக் கிறுக்கி' என்று சொல்லிக்கொண்டிருந்தவன். விசா என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. எங்கள் ஜனங்களுக்குச் சாவு வீட்டில்கூட அப்படி மனம் உருகாது.

"ஐயோ பாவம். ஸ்டேட்டஸ் எப்ப எக்ஸ்பையர் ஆகுதாம்? லாயர் பாத்தாங்களா?" என்றான். "நாம என்ன ஹெல்ப் பண்ணலாம்னு கேளு மாலா."

ஆள் வேண்டும் என்றாள். அந்த அறையின் தரை முழுக்க வெள்ளைத் தூள் விரிக்கப் போகிறாள், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை அரைத்த மாதிரி. அவள் சுமந்த அந்தக் கதவுதான் அறைக்கு வாசல். வாசலுக்கு வெளியே தட்டில் செம்மண் சேறு. வருகிறவர்கள் ஷூவோடு சேற்றை மிதித்து, வெள்ளையையும் மிதித்து, சுற்றிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். போனவர்களின் வீட்டை எல்லாரும் எப்படி மிதித்துக்கொண்டு போகிறார்கள் என்று காட்டுவதாம். மியூசியம் அம்மாள் வரும்போது தரை நாசமாகியிருக்க வேண்டும். நாசமாகாவிட்டால் வேலையே இல்லை. ஆனால் அவளுடைய கண்காட்சிகளுக்குக் கூட்டமே வராது.

"கூட்டம்தானே? என்கிட்ட விடு," என்றான் செந்தில். "தரையை நாசம் பண்ண நம்ம ஆளுங்க போதும்."

அப்படித்தான் சனிக்கிழமை மீனாட்சி கோயிலில் அபிஷேகம் முடிந்ததும், கோயில் வேனில் பெரியவர்களை ஏற்றினான். பிள்ளைகளோடு தங்க வந்த அப்பா அம்மாக்கள்தான் எல்லாரும். எங்கே போகிறோம் என்று கேட்டார்கள். செந்திலுக்கு விளக்கப் பொறுமையில்லை. "மெக்சிகோக்காரங்க கோயில் மாதிரி ஒரு எக்ஸிபிஷன் அங்கிள். பாத்துட்டு வரும்போது ஐஸ்கிரீம்," என்றான். அந்த 'கோயில் மாதிரி'யில்தான் எல்லாம் கெட்டது.

கிடங்கின் உள்ளே அந்த வாசல் ஒன்றுதான் தெரிந்தது. நிலைக்குள் எட்டிப் பார்த்தால் இருட்டில் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குவளைகளில் விளக்கு எரிகிறது. மேலே கயிற்றில் சட்டைகள், தொப்பிகள், ஏப்ரன்கள் தொங்குகின்றன, ஆடாமல். சுவரெல்லாம் காகிதத்தில் செய்த செவ்வந்தி மாலை. தரை வெள்ளை வெளேரென்று. அவள் எதையோ எடுத்துவரப் பின்கட்டுக்குப் போயிருந்தாள்.

முன்னால் போனவர் சரோஜா அக்கா, மாம்பலத்துக்காரர். வேனில் எங்கள் எல்லாருக்கும் அவர்தான் தலைவர். வாசலில் நின்று கீழே பார்த்தார்.

"பாத்தீங்களா, சன்னதி வாசல்லயே சேறு. சுத்தம்னா என்னன்னே தெரியாது. எல்லாரும் செருப்ப இங்கயே கழட்டுங்கோ."

கழற்றினார்கள். நம் ஜனங்களுக்கு அமெரிக்காவில் வேறு எதில் ஒழுங்கு இல்லாவிட்டாலும் செருப்பு விடுவதில் இருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சுவரோரம் நேர்க்கோடாக. கட்டை விரல் வளையம் வைத்த தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, சேலைக்குக் கீழே போட்டுக்கொள்கிற வெள்ளை ஓட்டப் பந்தய ஷூ, அதற்குள் மடித்துச் சொருகிய சாக்ஸ். யோசிப்பதற்குள் என் மகனும் கழற்றிவிட்டான். மாலாவும். யோசிக்காமல் நானும்தான்.

சேற்றைத் தாண்டிக் குதித்து, உள்ளே போய், சுவரோரமாக வலம்வர ஆரம்பித்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ரிட்டையரான தாசில்தார் ஒருவர் உண்டியல் எங்கே இருக்கிறது என்று தேடினார். சரோஜா அக்கா குனிந்து தரையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகென்ன, எல்லாரும் இட்டுக்கொண்டார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் எங்களைப் பார்த்தார்கள், செருப்பு வரிசையைப் பார்த்தார்கள், குசுகுசுவென்று பேசிக்கொண்டு தங்கள் ஷூக்களையும் கழற்றி வரிசையில் வைத்தார்கள்.

அப்போது அவள் வந்தாள். நாசமாகியிருக்க வேண்டிய தரை மாசு மறுவில்லாமல் கிடக்கிறது. சுவரோரம் மட்டும் வெறுங்கால் பட்ட மெல்லிய தடம். சேற்றில் ஒரு விரல்கூடப் படவில்லை. அவள் போட்ட கூச்சலில் விளக்கெல்லாம் ஆடின.

"செருப்பைப் போட்டுக்கணுமாம்," என்று மாலா எல்லாருக்கும் சொன்னாள். "சேத்த மிதிச்சிட்டு உள்ள வரணுமாம்."

"விளக்கு எரியற எடத்துலயா?" என்றார் சரோஜா அக்கா. "வேணும்னா அவ மிதிக்கட்டும்."

"ஏம்மா மாலா, நீ கரெக்டா ட்ரான்ஸ்லேட் பண்றியா?" என்றார் தாசில்தார்.

"பண்றேன் அங்கிள்."

"எதுக்கும் இன்னொரு தடவ கேளு. சேத்தக் கழுவிட்டு வரணும்னு சொல்லியிருப்பா."

இன்னொரு தடவை கேட்டாள். இன்னும் பெரிய கூச்சலாக வந்தது. யாரும் அசையவில்லை. "மியூசியம் கார் வந்துருச்சும்மா," என்று செந்தில் வாசல் பக்கமிருந்து சொன்னான். அவனுடைய விசாவே போகிற மாதிரி நின்றான்.

அவள் கூச்சலை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அம்மா," என்றாள். எனக்கு என் சேலையும் அந்த வெள்ளைச் சீட்டும் நினைவுக்கு வந்தன. அந்தச் சனியன் பிடித்த சேலையை நான் மெஷினில் போட்டிருக்கலாம்.

வெளியே போனேன். பெண்கள் வரிசைக்கு நடுவிலிருந்து என் ரப்பர் செருப்பை எடுத்து மாட்டினேன். சேற்றில் இரண்டு காலையும் வைத்தேன். நிலையைத் தாண்டி, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரமாகப் போகாமல் நடு அறையில் நடந்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெற்றியில் சாக்பீஸ் மாவோடு எல்லாரும் என்னையே பார்த்தார்கள். யாரோ "சிவ சிவா" என்றார்கள். எங்கே போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. நேராகக் கடைசி வரை போனேன். அங்கே ஒரு நீலச் சட்டை தொங்கியது. அதன் கீழே, சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டேன். மறைய அங்கே ஒரு திரைகூட இல்லை.

பின்னால் ஷூ சத்தம் ஒன்று வந்து வாசலில் நின்றது. மெள்ளத் திரும்பிப் பார்த்தேன். கருப்பு உடுப்பில், ஒல்லியாக, வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மாள் வாசலில் நின்றார். செருப்பு வரிசையைப் பார்த்தார். என் செருப்பு இருந்த காலி இடத்தின் முன்னால் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவரோரம் நிற்கிறவர்களின் நெற்றியை. பிறகு வெள்ளைத் தரையின் நடுவே ஒற்றையாகப் போகிற சிவப்புத் தடத்தை. தடம் முடிகிற இடத்தில் என்னை. அப்புறம் தன் ஷூவைக் கழற்றினார்.

பக்கத்து வீட்டுக்காரியின் வாய் கூச்சலுக்காகப் பாதி திறந்தபடி இருந்தது. அது மூடியது. மறுபடி திறந்தபோது அதிலிருந்து இங்கிலீஷ் வந்தது. கொஞ்சம்தான் வரும் என்றவள் ஆறாகக் கொட்டினாள். கையை வரிசைப் பக்கம் நீட்டினாள், தரைப் பக்கம் நீட்டினாள், என் பக்கம் நீட்டினாள். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மாலா என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள். "எல்லாமே ப்ளான் பண்ணி செஞ்சதுன்னு சொல்றாங்க அத்தை. செருப்பெல்லாம் ஊரை விட்டுப் போனவங்களாம். அந்த கேப் நீங்களாம்."

"நான் எங்க போனேன்?"

"தெரியல அத்தை. போயிட்டீங்களாம்."

மியூசியம் அம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். எதையும் அசைக்கக் கூடாது. வரிசை அப்படியே வேண்டும். செருப்பின் சொந்தக்காரர்களுக்கு இது புரியப் பத்து நிமிஷம் ஆனது. தாசில்தார் மட்டும் சண்டை போட்டார். "என்னோடது சுகர் பேஷன்ட் செருப்பும்மா. டாக்டர் எழுதிக் கொடுத்தது. அத வெச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?" மாலா கெஞ்சி அதை மீட்டுக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் கணவனின் ஷூ ஜோடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அந்த அளவுக்கு அவளும் கலைஞர்தான். தாசில்தாரோ கோபத்தில் செருப்பைக் காலில் போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். வேன் கதவு வரை போய்த்தான் ஞாபகம் வந்தது.

வேன் தூரத்தில் நின்றது. வெயிலில் கொதித்துக் கிடந்த தார்த் தரையில் சரோஜா அக்காவும் மற்றவர்களும் துள்ளித் துள்ளிப் போனதைப் பார்க்க வேண்டும். அதையும் ஒருத்தி படம் எடுத்தாள்.

"நாங்கல்லாம் வெந்துபோய் வரோம். மகராசி செருப்போட வரா," என்றார் சரோஜா அக்கா, என்னைப் பார்க்காமல், எனக்குக் கேட்கும்படி.

"அது கோயில் இல்ல ஆன்ட்டி," என்றாள் மாலா.

"கோயில் இல்லாட்டி என்னம்மா? விளக்கு இருந்துதே. வயசானவளுக்குத் தெரிய வேண்டாம்?"

அவர் நெற்றியில் சாக்பீஸ் மாவு பளிச்சென்று இருந்தது. ஐஸ்கிரீம் கடை வாசலில் செந்தில் வண்டியை நிறுத்தினான். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தான். காலில் செருப்பில்லாதவர்களை உள்ளே விடமாட்டார்களாம். தாசில்தாருக்கு ஐஸ்கிரீமே ஆகாது. செருப்புப் போட்டவள் மிச்சம் நான் ஒருத்திதான். வேனில் இருந்த எல்லாரும் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் தெரியாதவள் கடைக்குள் போய் என்னவென்று கேட்பது?

அதற்கப்புறம் வெகுகாலம் வேனில் என் பக்கத்து இடம் காலியாகவே போனது. பிரசாதம் கொடுக்கும்போது எனக்குக் கடைசியாகத்தான் வரும். சரோஜா அக்காவுக்கு அவர் மகன் புதுச் செருப்பு வாங்கிக்கொடுத்தான். அதன் மெத்தென்ற தன்மையை எனக்குக் கேட்கும்படி எல்லாரிடமும் சொன்னார். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். பேர்லேண்டில் கார் ஓட்டத் தெரியாதவளுக்கு அந்த வேனை விட்டால் மனிதர் முகம் பார்க்க வேறு வழி கிடையாது. பக்கத்து வீட்டில் அவள் இருந்தாள் என்பதுதான் ஆறுதல். அவளும் போகப் போகிறாள் என்று தெரிந்தது. மியூசியம் அந்த அறையை எடுத்துக்கொண்டது. விசா நீண்டது. நியூயார்க்கில் யாரோ தங்க இடம் கொடுத்துக் கூப்பிட்டார்கள். டைல்ஸ் கடை தப்பித்தது.

கிளம்புகிற அன்று காலையில் மாலாவும் செந்திலும் வேலைக்குப் போன பிறகு வந்தாள். தோளில் அந்த நாற்காலி. சுவரிலிருந்து பெயர்த்திருக்கிறாள், முதுகுப் பலகையில் ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. எங்கள் வாசல் நிழலில், நான்கு காலும் தரையில் படும்படி போட்டாள். ஆட்டிப் பார்த்தாள். ஒரு கால் கொஞ்சம் குட்டை. அட்டைத் துண்டு ஒன்றை மடித்துக் கீழே கொடுத்தாள். என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். முழங்கால் மடங்கும்போது நான் "அம்மாடி" என்றேன். அவளும் "அம்மாடி" என்றாள்.

அவள் கீழே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தோம். சங்கத்துக்காரர் நாயோடு போனார். அப்புறம் அவள் நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டி, பழையபடி கண்ணாலேயே கேட்டாள், இது என்ன என்று.

"நாற்காலி," என்றேன்.

அவள் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தேன். ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாள். பிறகு எழுந்து, என் சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, அவள் கண்ணையும் அதிலேயே துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயந்திரம் காரை நிறுத்திவிட்டு இறங்கிய என் மகன் வாசலில் என்னைப் பார்த்ததும் அலறினான். "அம்மா! எந்திரிம்மா மொதல்ல! அது யார் செஞ்சது தெரியுமா? மியூசியம் பீஸும்மா அது!"

"உக்காரக் கொடுத்தாடா."

"அவங்க கொடுப்பாங்க. நீ உக்காரலாமா?"

மாலா மருந்துக் கடையிலிருந்து வாங்கிய மெல்லிய துணியால் துடைத்தாள். அட்டைத் துண்டைக்கூடத் தனியாக எடுத்து வைத்தாள். மறுநாளே வரவேற்பறைச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டிவிட்டார்கள், கால் நான்கும் நம்மைப் பார்க்க. விருந்துக்கு வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி, செந்தில் விளக்கம் சொல்கிறான். சரோஜா அக்காவே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "என்ன ஒரு கற்பனை!" என்றார். வேனில் இப்போது என் பக்கத்தில்தான் உட்காருகிறார்.

நல்லவேளை, கொக்கி தாழ்வாகத்தான் இருக்கிறது. நாற்காலியும் கனமில்லை. காலையில் இரண்டு காரும் தெருமுனை திரும்பியதும் அதைக் கழற்றி ஜன்னலோரம் போட்டு, அட்டைத் துண்டைக் கீழே கொடுத்து, கீரை ஆய உட்காருவேன். சாயந்திரம் கார் வருகிற சத்தம் கேட்டதும் எடுத்து மாட்டிவிடுவேன். உடனே அது கலையாகிவிடும்.